டார்ச் பிடிக்க ஒரு ஆள்

மூன்றாவது தடவையும் வண்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள். வெளியே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி.

திரைக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு நடுவே சபுரா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம், தண்ணீர் புழங்கும் மோரியை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, அவள் புருஷன் முகம்மது ஹனீபின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே அறைதான். எட்டு வருஷத்துக்கு முன்பு கொழுந்தன் கரீம் பாட்சாவுக்குக் கல்யாணம் ஆனபோது குறுக்கே கட்டிய திரை, இன்றைக்கு ஆண்களையும் பெண்களையும் பிரிக்க உதவியது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால், மய்யித்தின் மேல் ஊற்றுகிற தண்ணீர் எது, மழைத் தண்ணீர் எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்த ‘டக்’ மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டது.

“ரயில் காடியெல்லாம் பந்த் ஆயிட்டு,” என்று கரீம் பாட்சா வாசலில் யாரிடமோ சொன்னான். “சயான் ரோட்டுல முழங்காலுக்கு மேல தண்ணியாம். சந்தூக்குப் பெட்டியத் தோளுல தூக்கிட்டு கபரஸ்தான் போய்ச் சேர முடியாது. அண்ணன் வண்டி ஒண்ணுதான் ஒசரம். அதுவும் இப்பிடிப் பண்ணுது.”

“பொழுது அடையதுக்குள்ள, மஃரிபுக்கு முன்னாடி அடக்கியாவணும் பாத்துக்க,” என்றது ஒரு வயதான குரல்.

சபுரா தன் வலது கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் அதன் வயரைப் பிடுங்கி விட்டது அவள்தான்.

ஹனீப் குர்லாவில் பட்டறை வைத்திருந்த மோட்டார் எலெக்ட்ரீஷியன். லாரியோ டாக்சியோ, எந்த வயர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அவருடைய சொந்த வண்டி ஒரு கிழட்டுப் பிக்கப். பெரிய யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டதில் நாலு கை மாறி வந்தது. போன வருஷச் சண்டையில் இருட்டடிப்புக்காக ஹெட்லைட்டில் பூசிய கறுப்பு பெயிண்டை இன்னும் பாதிதான் சுரண்டியிருந்தார். உடைந்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய வால்வு ரேடியோவை அதில் பொருத்தியிருந்தார். அந்த ரேடியோதான் தாராவியில் அந்தச் சந்துக்கே சிரிப்பு. வாரம் தவறாமல் அது பாடாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஹனீப் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். பம்பாய் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற ஆள் சொந்த ரேடியோவுக்கு மருந்து தெரியாமல் முழிக்கிறார் என்று தோல் கிடங்கு வாசலில் பீடி பிடிப்பவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, “பழைய வயரிங் பாருங்க, பேய் புகுந்துருக்கு,” என்பார்.

பேய் வேறு யாரும் இல்லை, சபுராதான்.

முதல் தடவை அது தானாக நடந்தது. வண்டிக்குள் துணி போட்டுத் துடைக்கும்போது ஒரு வயர் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். மறுநாள் ஞாயிறு. ஹனீப் வாசலில் நின்று, “சபுரா, டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறியா?” என்றார்.

மாமியார் மர்யம் பீவி, கொழுந்தன், அவன் பெண்டாட்டி அக்தர் பானு, அவர்களுக்கு அடுத்தடுத்துப் பிறந்த நாலு பிள்ளைகள், போதாக்குறைக்கு ஊரிலிருந்து வேலை தேடி வந்து பரணில் படுத்திருக்கும் யாராவது ஒருவர். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதென்றால் அரிசியையும் மண்ணெண்ணெயையும் பற்றித்தான் பேச முடியும். பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். இருந்தது. வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சைப் பிடித்தபடி உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு இருந்தது என்று சபுராவுக்கே தெரிந்தது. சிரித்தால் தன் புருஷனுக்கு ஒரு கண் மட்டும் சின்னதாகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அப்போது கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

வயரை மாட்டிச் சாவியைப் போட்டார். உடனே பாட்டு வரவில்லை. முதலில் ஒரு முனகல் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை.

“வால்வு சூடேறணும். ஒரு நிமிஷம் ஆவும். இத அவசரப்படுத்தக் கூடாது,” என்றார்.

அந்த ஒரு நிமிஷமும், டார்ச்சை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலங்கை வானொலி இரைச்சலோடு வந்தது. ஓடும்போதும் பாடுகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்தார். கிங்ஸ் சர்க்கிளை மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள். சும்மா ஊர் சுற்றப் போயிருந்தால் அக்தர் பானு ஒரு வாரம் வைத்துப் பேசியிருப்பாள். ரிப்பேர் பார்த்த ரேடியோவைச் சோதிக்கப் போனவர்களை யார் என்ன சொல்ல முடியும்?

அதற்கடுத்த மூன்று ஞாயிறும் ரேடியோ ஒழுங்காகப் பாடித் தொலைத்தது. சபுராவுக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்கவே பிடிக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை, வண்டியிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனவள், ரேடியோவுக்குக் கீழே கையை விட்டு அதே வயரைத் தேடிப் பிடித்து இழுத்தாள். இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது. “சபுரா, டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணுமே.”

இப்படி ஆறு வருஷம். ஆரம்பத்தில் செம்புக் கம்பியின் நுனி விரலில் குத்தும். ஒரு முறை சீழ் வைத்து வீங்கிவிட்டது.

“விரல்ல என்ன?” என்று டார்ச் வெளிச்சத்தில் ஹனீப் கேட்டார்.

“அரிவாமண பட்டுட்டு.”

அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாத்து அறுக்கக் கூடாதா,” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கை பழகிவிட்டது. தொட்டு இழுத்தால் சுலபமாக வந்தது, குத்தவும் இல்லை. திருட்டு வேலைகூடச் செய்யச் செய்யப் படிந்துவிடுகிறது என்று சபுரா தன்னையே மெச்சிக்கொண்டாள். இவ்வளவு பெரிய எலெக்ட்ரீஷியனை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருக்கும். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

இன்று காலையில் அவர் பத்து மணிக்கே வந்து நின்றார். மத்தியானம் அக்தர் பானுவின் பிறந்த வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது.

“பொறவு கூட்டமாயிரும். இப்பமே ரேடியோவப் பாத்துருவோம். டார்ச் பிடிக்க வாறியா?”

சபுரா அம்மிக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “கை பூரா மசாலா. நீங்க போயிப் பாத்துக்கிட்டு இருங்க, நான் பொறவு வாறேன்,” என்றாள் நிமிர்ந்து பார்க்காமல்.

“சரி, மெதுவாவே வா. நான் வண்டியிலதான் இருப்பேன்.”

அவர் முகம் எப்படி இருந்தது? வேர்த்திருந்ததா, வெளுத்திருந்ததா? காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. குரலைத்தான் கேட்டாள். அரைத்து முடித்து, கறியைக் கழுவி, அரிசி களைந்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் கரீம் பாட்சா நனைந்துகொண்டு ஓடி வந்துவிட்டான். அண்ணன் கூப்பிடக் கூப்பிட அசையவில்லை என்றான். டாக்டர் வந்து, நெஞ்சடைப்பு என்று சொல்லிக் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சபுராவுக்கு ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. வயரைப் பிடுங்கியிருக்காவிட்டால் அவர் வண்டிக்குப் போயிருக்க மாட்டார். அந்தக் குறுகல் இடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தான் பண்ணிவைத்த கோளாறைத் தேடித் தேடி மூச்சு முட்டியிருப்பார். தானும் கூடப் போகவில்லை. கொன்றது போதாதென்று இப்போது அவர் போகிற வழியையும் அடைத்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

“மச்சி, அழுதுருங்க,” என்றாள் அக்தர் பானு. “காலையிலருந்து ஒரு சொட்டு கண்ணீர் விடலியே.”

வாசலில் புதுக் குரல் கேட்டது. கணேசபாண்டியன் வந்துவிட்டான். ஹனீபின் பட்டறையில் ஒன்பது வருஷமாகக் கூட்டாளி. ரயில் ஓடாததால் குர்லாவிலிருந்து தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்திருந்தான். “அண்ணாச்சி,” என்று ஒரு தரம்தான் சொன்னான். அப்புறம், “வண்டிய நான் பாக்கேன்,” என்பது கேட்டது.

சபுரா எழுந்தாள்.

“எங்க புள்ள?” என்றாள் மர்யம் பீவி.

“அந்தத் தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லணும் மாமி. வண்டி சமாச்சாரம்.”

“வண்டிய ஆம்பளைய பாத்துக்கிடுவாக. நீங்க ஒக்காருங்க மச்சி,” என்று அக்தர் பானு முந்தானையைப் பிடித்தாள். சபுரா அதை விடுவித்துக்கொண்டு வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

“தம்பி.”

“சொல்லுங்க மைனி.”

“ரேடியோவுக்குக் கீழ, கிளச்சுக்கு மேல ஒரு வயரு கழண்டு கெடக்கும். அத மாட்டுங்க. வண்டி கெளம்பிரும்.”

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை ஏதாவது பொய் சொல்லியிருப்பாள்.

“நான்தான் கழட்டுனேன். நேத்து. நேத்து மட்டும் இல்ல, ஆறு வருஷமா நான்தான் கழட்டுதேன்.”

அறைக்குள் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் நின்றுவிட்டது. மர்யம் பீவி மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தாள். “என்ன சொல்லுத நீ? எதுக்குக் கழட்டுன?”

“கழட்டுனாத்தான் மாமி அவுக டார்ச் பிடிக்கக் கூப்பிடுவாக.”

மர்யம் பீவி அவளையே பார்த்தாள். பிறகு திரும்பி அந்த அறையைப் பார்த்தாள், குறுக்கே தொங்கிய திரையைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். அப்படியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

கணேசபாண்டியன் வண்டிக்குள் ஏறுகிற சத்தம் கேட்டது. சபுரா அசையாமல் நின்றாள். திரையின் ஓரத்தில் மழை தெறித்து அவள் பாதம் நனைந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். அவன் திரும்பி வந்து வாசலில் நின்றான்.

“மைனி, கோளாறு அந்த வயருல இல்ல. காலையில அண்ணாச்சி போட்ட சாவிய யாரும் ஆஃப் பண்ணல. இத்தன நேரமும் ஆன்லயே கெடந்து பேட்டரி எறங்கிட்டு. தள்ளுனா கெளம்பிரும். நீங்க சொன்னது ரேடியோவுக்கு மட்டும் போற வயரு. வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“அப்ப நான் செஞ்சதுனால இல்லயா?”

“இல்ல மைனி.” அவன் தயங்கினான். “ஆனா ஒண்ணு சொல்லணும். அது நீங்க இழுத்ததுனால பிஞ்ச வயரு இல்ல. பட்டறையில நாங்க ரெண்டு வயர முறுக்கி டேப்புதான் சுத்துவோம். அண்ணாச்சியும் அப்பிடித்தான். ஆனா இதுல மட்டும் முனையில பித்தளப் பின்னு ஒண்ணு வச்சுப் பத்தவச்சிருக்காக. எதிர அதுக்குச் சரியா ஒரு சாக்கெட்டு. இழுத்தா வரும், தள்ளுனா மாட்டிக்கிடும். கம்பி வெளிய தெரியாம ரப்பர் டியூபு போட்டு, வெரலு படுற எடத்த அரத்தால தேச்சு விட்டிருக்காக, குத்தாம இருக்க. பொறி பறக்கக் கூடாதுன்னு தனியா ஃபியூஸ் வேற. கழட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ரப்பரு வெடிச்சுப் போயிருக்கத பாத்தா நாலஞ்சு வருஷத்துக்கு முந்திப் போட்டதா இருக்கும்.”

சபுரா முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். ஆட்காட்டி விரலில், சீழ் வைத்து ஆறிய இடத்தில், ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருந்தது. அவள் கை பழகவே இல்லை. ஒரு நாளும் அவள் அவரை ஏமாற்றவும் இல்லை. பத்து நிமிஷத்தில் கோளாறைச் சொல்லிவிடுகிற மனுஷன், ஊரெல்லாம் கேலி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் அந்த டாஷ்போர்டுக்குக் கீழே படுத்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. தானும் சொல்லவில்லையே என்று உடனே அது போயிற்று.

“காலையில ரொம்ப நேரம் குனிஞ்சு தேடுனாகளா தம்பி? மூச்சு முட்டிச்சோ?”

“தேடவே இல்ல மைனி. ஸ்க்ரூ டிரைவரு உறையிலதான் இருக்கு. சாவியப் போட்டுட்டு சும்மா சாஞ்சு ஒக்காந்தமேனிக்குத்தான் இருந்தாகன்னு கரீம் சொல்லுதான். டார்ச்சுகூட வண்டியில இல்ல.” மறுபடியும் தயங்கிவிட்டுச் சொன்னான். “நீங்க ஒக்காருற பக்கம் மேல ஒழுவுதுல்லா. அங்க சீட்டு நனையாம இருக்கத் தோள் துண்ட விரிச்சுப் போட்டிருக்காக.”

சபுரா தலையைத் திருப்பினாள். சுவர்ப் பலகையில் டார்ச் அதன் இடத்தில் நின்றிருந்தது. வாசல் வரை வந்து கூப்பிட்டவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள்தானே எடுத்து வருவாள்.

பின்னாலிருந்து மர்யம் பீவி கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். “நீ போயிருக்கலாம் புள்ள,” என்றாள், சத்தமே இல்லாமல். “மசாலாவ நான் அரச்சிருப்பேன்.”

சபுரா திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

கணேசபாண்டியன் கொஞ்சம் பொறுத்துவிட்டுக் கேட்டான். “இப்ப மாட்டக் கூடாது, மய்யித்து போறப்பப் பாடிரும். கபரஸ்தான் போயிட்டு வந்த பொறவு அந்தப் பின்ன மாட்டித் தந்துரட்டா மைனி?”

“வேண்டாம் தம்பி. அது கழண்டே கெடக்கட்டும்.”

வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். சந்து முனை வரைக்கும் போய், ஒரு தரம் இருமி, இரண்டு தரம் இருமி, என்ஜின் பிடித்துக்கொண்டது. யாரோ அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, அணைத்துவிடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார்கள்.

கபன் துணி இட்டு முடித்துப் பெண்களை முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். மர்யம் பீவி முதலில் போனாள். மகனின் நெற்றிக்கு மேலே கையைக் கொண்டுபோய், தொடாமலே வைத்திருந்துவிட்டு வந்தாள். சபுரா போனபோது யாரோ விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். மழை இருட்டில் அவர் முகம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. ஆறு வருஷமாக டார்ச் வெளிச்சத்தில் கீழிருந்து மேலாகப் பார்த்த முகம். இரண்டு கண்ணும் ஒரே அளவாக மூடியிருந்தன. போதும் என்று யாரும் சொல்வதற்கு முன்பே அவள் விலகி வந்துவிட்டாள். சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவளால் வந்திருக்க முடியாது.

கலிமா சொல்லிச் சந்தூக்கைத் தூக்கினார்கள். தாழ்வான வாசலுக்குக் குனிந்து, மழைக்குள் போனார்கள். வண்டியின் பின்கதவு சாத்துகிற சத்தம், சங்கிலி மாட்டுகிற சத்தம், கணேசபாண்டியன் முன்னால் ஏறிக் கதவை அடிக்கிற சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. ஆண்கள் எல்லாரும் போய்விட்டதால் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

இனி நாலு மாதம் பத்து நாள், புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா. அந்த வாசலைத் தாண்ட முடியாது.

சபுரா பலகையிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்தர் பானு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். வண்டி கியர் மாறி, தோல் கிடங்கைத் தாண்டி, பெரிய ரோட்டுப் பக்கம் திரும்புவது தண்ணீர்ச் சத்தத்தோடு கேட்டது. மணி நாலு ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. சாவியைப் போட்டவுடன் ரேடியோ பாடாது. ஒரு நிமிஷம் ஆகும்.

டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.